பையில் ஒட்டிய படத்துக்குக் குத்தகை யாருக்கு?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமை அரசியல் வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இன்றைய வகுப்புக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சொன்னதும் சில தோழர்கள் சிரித்தார்கள். பஞ்சப்படியும் கூலி உயர்வும் பேச வேண்டிய இடத்தில், சுவரில் ஊர்கிற சிலந்தி மனிதனைப் பற்றியும் வானத்தில் பறக்கிற சூப்பர்மேனைப் பற்றியும் என்ன பேச்சு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்த விஷயம் நம் கண்ணில் பட்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரம். நமது சங்கத்துத் தோழர் ஒருவர், ஸ்பின்னிங் மில்லில் சைடு பார்க்கிறவர், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையனுக்குப் பை வாங்கக் கடைக்குப் போனார். நாமும் உடன் போயிருந்தோம். கடைக்காரர் இரண்டு பைகளை எடுத்து வைத்தார். ஒரே துணி, ஒரே ஜிப்பு, ஒரே தையல். ஒன்று வெறும் பை. விலை 450 ரூபாய். மற்றதில் சிவப்பும் நீலமுமாக ஸ்பைடர்மேன் படம். விலை 700 ரூபாய். பையன் படம் போட்ட பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான்.

"ஏனுங்க, இந்தப் படத்துக்கு மட்டும் 250 ரூபாயா?" என்று தோழர் கேட்டார்.

"நாங்க என்னங்க பண்றது? கம்பெனிச் சரக்குங்க. படத்துக்காரனுக்கு ராயல்டி கட்டோணும்" என்றார் கடைக்காரர்.

தோழர் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதியை எடுத்து வைத்துவிட்டுப் படம் போட்ட பையைத்தான் வாங்கினார். அது அவர் பிள்ளைப் பாசம். அதைக் குற்றம் சொல்ல நாம் யார்? ஆனால் அந்த 250 ரூபாய் யார் யார் கைக்குப் போகிறது, பை தைத்தவர் கைக்கு அதில் எவ்வளவு வந்தது என்ற கேள்வி அன்றைக்கு முளைத்தது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நம் ஆட்களிடம் ஒரு குறை உண்டு. இம்மாதிரிப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் சீரழிவுக் கலாச்சாரம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு அடுத்த பிரச்னைக்குப் போய்விடுகிறோம். அது போதாது. கதை நல்லதா கெட்டதா என்பது ஒரு பக்கம். அந்தக் கதையை வைத்து நடக்கிற வியாபாரம் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்காவிட்டால் நாம் பாட்டாளி வர்க்கக் கட்சி என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

13 பக்கம், 130 டாலர்

1938 ஆம் வருஷத்துக்குப் போவோம். அமெரிக்காவில் கிளீவ்லண்ட் என்ற நகரம். அங்கே ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று இரண்டு வாலிபர்கள். ஒருவர் கதை எழுதுவார், மற்றவர் படம் வரைவார். இருவருக்கும் வயது 23. அந்நாட்டில் பெரும் பொருளாதார நெருக்கடி ஆட்டிவைத்த காலம் அது. வானத்திலிருந்து வந்த ஒரு பலசாலி, ஏழைகளை வதைப்பவனை அடித்துத் தூக்கி எறிகிறான் என்று ஒரு கதை கட்டினார்கள். அவன்தான் சூப்பர்மேன். கதையைப் பல வருஷங்கள் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய்க் காட்டியும் யாரும் சீந்தவில்லை.

கடைசியில் நியூயார்க்கில் ஒரு பத்திரிகைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கூலி, பக்கத்துக்கு 10 டாலர். கதை 13 பக்கம். ஆகமொத்தம் 130 டாலர். வேறு வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டாலருக்கு ஒரு செக் கொடுத்தார்கள். தோழர்களே, இது என்ன கணக்கு? பனியன் கம்பெனியில் நம் பெண்கள் வாங்குகிற அதே பீஸ் ரேட்! அங்கே உருப்படிக்கு இவ்வளவு, இங்கே பக்கத்துக்கு இவ்வளவு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பனியன் தைத்தால் அந்தப் பனியன்தான் முதலாளிக்குப் போகிறது. இங்கே, 13 பக்கத்தோடு சேர்த்து சூப்பர்மேன் என்ற அந்த ஆளையே என்றென்றைக்கும் கம்பெனிக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

பத்திரிகை விற்றுத் தீர்ந்தது. 1940 இல் ரேடியோ நாடகம், 1941 இல் கார்ட்டூன் படம், அப்புறம் பொம்மை, சட்டை என்று கம்பெனி காசைக் குவித்தது. 1947 இல் இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். மறு வருஷம் சுமார் 94,000 டாலரில் சமரசம் செய்து வாயை அடைத்தார்கள். அதோடு வேலையும் போயிற்று. கதையின் தலைப்பில் இருந்த அவர்கள் பெயரும் போயிற்று. சங்கம் வைத்ததற்காக மில் கேட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1975 இல் அவர்கள் நிலைமை என்ன? ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. நியூயார்க்கில் உடன்பிறந்தவர் வீட்டில் ஒண்டிக் கிடந்தார். சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் சாதாரண குமாஸ்தா. அந்தச் சமயத்தில்தான் வார்னர் கம்பெனி சூப்பர்மேனைப் பெரிய படமாக எடுக்கப்போவதாக விளம்பரம் வந்தது. சீகல் பத்திரிகைகளுக்குத் தம் கதையை எழுதி அனுப்பினார். படம் வரைகிற கலைஞர்கள் ஒன்றுகூடிக் கூச்சல் போட்டார்கள். படம் வெளிவரும் நேரத்தில் பெயர் கெடுமே என்று பயந்துபோன கம்பெனி, அந்த வருஷம் டிசம்பரில் இருவருக்கும் தலைக்கு வருஷம் 20,000 டாலர் பென்ஷன் தரவும், பெயரைத் திரும்பப் போடவும் சம்மதித்தது. 1978 இல் வந்த அந்தப் படத்தில் சில நிமிஷங்கள் மட்டும் தலைகாட்டிய மார்லன் பிராண்டோவுக்குச் சம்பளம் 37 லட்சம் டாலர்!

பேட்மேன் கதையும் இதே ரகம். அதன் பெரும்பகுதியை உருவாக்கிய பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளர் 1974 இல் வறுமையில் செத்தார். அவர் பெயரைப் படத்தில் போட 2016 வரை ஆயிற்று.

அந்த 412 டாலர் செக் என்னவாயிற்று தெரியுமா? 2012 இல் அதை ஏலம் விட்டார்கள். 1,60,000 டாலருக்குப் போயிற்று. கொடுத்த கூலியைக் காட்டிலும் கூலிச் சீட்டுக்கு விலை பல நூறு மடங்கு!

பட்டா வைத்திருப்பவன்

இனி விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இந்தச் சூப்பர்மேன் கம்பெனி பை தைக்கிறதா? இல்லை. பொம்மை வார்க்கிறதா? இல்லை. கடை வைத்து விற்கிறதா? பெரும்பாலும் அதுவும் இல்லை. பின் எப்படிக் காசு வருகிறது?

மிராசுதார் உழுதாரா, நாற்று நட்டாரா? பட்டா அவர் பேரில் இருந்தது. அதனால் களத்துமேட்டில் குடையைப் பிடித்து நின்று வாரம் அளந்துகொண்டு போனார். அதே வேலைதான். பை தைக்கிற கம்பெனி, பொம்மை வார்க்கிற கம்பெனி, பிஸ்கட் சுடுகிற கம்பெனி எல்லாம் இவனிடம் வந்து, "எங்கள் சரக்கின் மேல் உங்கள் படத்தைப் போட உத்தரவு கொடுங்கள்" என்று கேட்கவேண்டும். அதற்கு லைசென்ஸ் என்று பெயர். சரக்கு விற்கும்போது நூற்றுக்கு 5 முதல் 15 வரை இவனுக்கு அளந்துவிட வேண்டும். அதற்கு ராயல்டி என்று பெயர். நம் பாஷையில் குத்தகை. ராயல்டிக்கு மேல் மொத்த வியாபாரியும் சில்லறைக் கடைக்காரரும் தத்தம் பங்கை ஏற்றுகிறார்கள். 450 ரூபாய்ப் பை 700 ஆவது இப்படித்தான்.

மழை பெய்யாவிட்டாலும் நிலத்துக்காரனுக்குக் குத்தகை தவறாது என்பது போல, பல ஒப்பந்தங்களில் சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு கட்டியாக வேண்டும் என்ற ஷரத்தும் உண்டு.

மார்க்ஸ் "மூலதனம்" மூன்றாம் பாகத்தில் நிலவாடகையைப் பற்றி எழுதும்போது ஒரு திராட்சைத் தோட்டத்தை உதாரணம் காட்டுகிறார். அபூர்வமான ருசியுள்ள ஒயின் அந்த ஒரு தோட்டத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்றால், அதை ஏகபோக விலைக்கு விற்கலாம். அந்த அதிகப்படி விலை தோட்டத்தின் சொந்தக்காரனுக்கு வாடகையாகப் போய்ச் சேரும் என்கிறார். ஸ்பைடர்மேன் அப்படிப்பட்ட தோட்டம். வேறு யாரும் பயிரிட முடியாது. வேலி சட்டத்தால் போட்டது.

சட்டம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பட்டாவுக்கு ஒரு காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் அந்தக் கதை ஜனங்களின் பொதுச் சொத்து. அமெரிக்காவில் கம்பெனிகளின் சொத்துக்கு அது 75 வருஷமாக இருந்தது. அந்தக் கணக்குப்படி சூப்பர்மேன் 2014 இல் பொதுச் சொத்தாகியிருக்க வேண்டும். 1998 இல் அந்நாட்டுப் பார்லிமெண்ட் கெடுவை 95 வருஷமாக நீட்டியது. அதற்காக முன்னின்று காரியம் பார்த்த கம்பெனிகளில் டிஸ்னி ஒன்று. ஆகவே சூப்பர்மேனின் முதல் கதை 2034 இல்தான் விடுதலை ஆகும். பேட்மேன் 2035 இல். நம் நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றதும் பினாமி பெயரில் எழுதி வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தோம். இவர்கள் சட்டத்தையே தங்கள் பேரில் எழுதிக்கொண்டார்கள்.

பொம்மைக்காக ஒரு படம்

"தோழர், என்ன இருந்தாலும் தியேட்டரில் டிக்கெட் விற்றுத்தானே அவர்களுக்குப் பெரிய பணம்?" என்று ஒரு தோழர் கேட்கிறார். அப்படித்தான் பத்திரிகைகள் எழுதுகின்றன. 2019 இல் வந்த ஒரு அவெஞ்சர்ஸ் படம் உலகமெங்கும் 279 கோடி டாலர் வசூல் என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். ஆனால் அதில் ஏறக்குறையப் பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும். சீனாவில் வசூலாகிற பணத்தில் கால் பங்குதான் படக் கம்பெனிக்கு. மிச்சத்தில் நடிகர் சம்பளம், விளம்பரச் செலவு எல்லாம் கழிய வேண்டும்.

மார்வெல் என்ற கம்பெனியின் சரித்திரத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஸ்பைடர்மேன், அயர்ன்மேன், ஹல்க் முதலியவர்களுக்குப் பட்டா வைத்திருந்த கம்பெனி அது. 1989 இல் ரான் பெரல்மன் என்ற பங்குமார்க்கெட் சீமான் 8.25 கோடி டாலருக்கு வாங்கினார். கம்பெனி மேல் கடனுக்கு மேல் கடன் ஏற்றினார். 1996 டிசம்பரில் கம்பெனி திவால் மனுப் போட்டது. சீமான்கள் ஒருவரோடு ஒருவர் கோர்ட்டில் கட்டிப் புரண்டார்கள். கடைசியில் 1998 இல் யார் கைக்கு வந்தது? டாய் பிஸ் என்ற பொம்மைக் கம்பெனி கைக்கு! அந்தக் கம்பெனி முன்பே 1993 இல், மார்வெலுக்குத் தன் பங்குகளில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, ராயல்டி கட்டாமலே பொம்மை செய்யும் உரிமையை வாங்கி வைத்திருந்தது. குத்தகை கட்டாத குத்தகைதாரன் முடிவில் நிலத்துக்கே சொந்தக்காரன் ஆனான். நம் ஊரில் இதற்கு நேர்மாறாகத்தான் நடந்து பார்த்திருக்கிறோம்.

பொம்மைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 2005 இல் தங்கள் கதாபாத்திரங்களில் பத்துப் பேரின் படம் எடுக்கும் உரிமையை அடமானம் வைத்து, மெரில் லிஞ்ச் மூலம் 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தார்கள். படங்கள் தோற்றால் பாத்திரங்கள் கடன் கொடுத்தவனுக்கு. முதலில் யாரை வைத்துப் படம் எடுப்பது? பென் ஃபிரிட்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2018 இல் வெளியிட்ட புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். குழந்தைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்து, இந்த வீரர்களில் யாருடைய பொம்மையோடு விளையாட ஆசை என்று கேட்டார்களாம். குழந்தைகள் இரும்புச் சட்டை போட்ட அயர்ன்மேனைக் காட்டின. 2008 இல் அயர்ன்மேன் படம் வந்தது, 58.5 கோடி டாலர் வசூல். ஆகவே தோழர்களே, படம் ஓடியதால் பொம்மை வந்தது என்று நினைக்க வேண்டாம். பொம்மை விற்கும் என்று தெரிந்ததால் படம் வந்தது.

இன்னொரு சங்கதி. அந்த வரிசையின் மூன்றாவது படம் 2013 இல் வந்தது. அதை இயக்கிய ஷேன் பிளாக் 2016 இல் ஒரு பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தார். முதலில் கதையில் வில்லி ஒரு பெண். பெண் பொம்மை விற்காது என்று மேலிடத்திலிருந்து தாக்கல் வந்தது. வில்லி வில்லனாக மாறினார். நம் நாட்டில் சென்சார் போர்டு கத்தரிக்கோலைப் பற்றிப் பேசுகிறோம். கடைக்காரன் கத்தரிக்கோல் அதைவிட நீளம்.

2009 இல் டிஸ்னி கம்பெனி மார்வெலை 400 கோடி டாலருக்கு வாங்கப் பேசி முடித்தது. 5,000க்கு மேற்பட்ட கதாபாத்திரங்களின் பட்டா ஒரே கையில்! ஆனால் ஒரு சிக்கல். திவால் காலத்துக் கஷ்டத்தில், ஸ்பைடர்மேனைப் படம் எடுக்கும் உரிமையை மார்வெல் சோனி கம்பெனிக்கு விற்றிருந்தது. 2011 இல் இரு கம்பெனிகளும் ஒரு பாகப் பிரிவினை செய்துகொண்டன. தியேட்டரில் ஓடும் படம் சோனிக்கு. பை, பொம்மை, சட்டை, தொப்பி எல்லாம் டிஸ்னியின் மார்வெலுக்கு. நீங்களாக இருந்தால் எதை எடுத்துக்கொள்வீர்கள்? 2013 இல் ஸ்பைடர்மேனுக்குப் படமே வரவில்லை. ஆனாலும் அந்த வருஷம் ஸ்பைடர்மேன் படம் ஒட்டிய சரக்கு உலகமெங்கும் சுமார் 130 கோடி டாலருக்கு விற்றது என்று அமெரிக்க வியாபாரப் பத்திரிகைகள் கணக்குக் கொடுத்தன. பேட்மேன் சரக்கு 49.4 கோடி, சூப்பர்மேன் சரக்கு 27.7 கோடி. 2017 இல் சோனி எடுத்த ஸ்பைடர்மேன் படத்தை மார்வெல் ஆட்களே உடனிருந்து தயாரித்துக் கொடுத்தார்கள். டிக்கெட் வசூலில் பெரும்பங்கு சோனிக்குத்தான். இருக்கட்டும், படம் ஓட ஓடப் பை விற்கும் அல்லவா?

சந்தேகமிருந்தால் டிஸ்னி தன் பங்குதாரர்களுக்குக் கொடுத்த 2024 நிதியாண்டுக் கணக்கைப் பார்க்கலாம். சினிமா, டெலிவிஷன், வீட்டில் பார்க்கும் ஸ்ட்ரீமிங் எல்லாம் சேர்ந்த பிரிவின் லாபம் 392 கோடி டாலர். கேளிக்கைப் பூங்கா, உல்லாசக் கப்பல், லைசென்ஸ் சரக்கு ஆகியவை சேர்ந்த பிரிவின் லாபம் 927 கோடி டாலர். கலிபோர்னியாவில் உள்ள அவர்கள் பூங்காவில் 2021 இல் அவெஞ்சர்ஸ் வீரர்களுக்கென்றே ஒரு பகுதி திறந்தார்கள். போட்டிக் கம்பெனியான யுனிவர்சல் 1999 முதல் ஃபுளோரிடாவில் மார்வெல் வீரர்களை வைத்துப் பூங்கா நடத்துகிறது. அது பழைய ஒப்பந்தம். அதற்கும் குத்தகை டிஸ்னிக்குத்தான் போகிறது. எதிரி வயலில் விளைந்தாலும் இவன் களஞ்சியத்துக்கு நெல்!

நஷ்டக் கணக்கு

மில் தோழர்களுக்கு ஒரு விசேஷமான விஷயம். ஒவ்வொரு தீபாவளிக்கும் போனஸ் பேச்சுவார்த்தையில் நமக்குப் பாலன்ஸ் ஷீட் காட்டுகிறார்கள். ஷிப்டுக்கு ஷிப்டு நூல் ஓடுகிறது, லாரி லாரியாகப் பேல் போகிறது. ஆனால் கணக்கில் நஷ்டம்! இது நமது முதலாளிகளின் தனி வித்தை என்று நினைத்திருந்தோம். இல்லை.

1989 இல் வார்னர் கம்பெனியின் பேட்மேன் படம் வந்தது. உலகமெங்கும் 41.1 கோடி டாலர் வசூல். சட்டை, தொப்பி, பொம்மை விற்பனை அதையும் மிஞ்சியது என்றார்கள். வில்லனாக நடித்த ஜாக் நிக்கல்சன் கெட்டிக்காரர். லாபத்தில் பங்கு கேட்கவில்லை. மொத்த வசூலிலும் சரக்கு விற்பனையிலும் பங்கு எழுதி வாங்கியிருந்தார். அவருக்கு 5 கோடி டாலருக்கு மேல் கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் பேட்மேனைப் படமாக எடுக்கலாம் என்று 1979 இலேயே உரிமை வாங்கி, ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்த இரண்டு தயாரிப்பாளர்களுக்கு நிகர லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம். அவர்கள் பங்கு கேட்டபோது கம்பெனி கணக்கைக் காட்டியது: படத்தில் 3.58 கோடி டாலர் நஷ்டம்! 1992 இல் கோர்ட்டுக்குப் போனார்கள், ஜெயிக்க முடியவில்லை. விநியோகக் கட்டணம், விளம்பரக் கட்டணம், வட்டி என்று தன் இடது கையிலிருந்து வலது கைக்குக் கம்பெனி எழுதிக்கொண்டதையெல்லாம் செலவில் சேர்த்தால் எந்தப் படத்துக்குத்தான் லாபம் இருக்கும்?

அந்தத் தயாரிப்பாளர்கள் ஏழைகள் அல்ல. அவர்களுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. கணக்கு எழுதும் முறையைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். அடுத்த போனஸ் பேச்சில் நமது பிரதிநிதிகள் நிகர லாபத்தை மட்டும் பார்க்காமல், அதே முதலாளியின் மற்றக் கம்பெனிக்குக் கட்டிய கமிஷன், வாடகை எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

பூட்டிய கதவு

இவ்வளவு நேரம் மேலே இருப்பவர்களைப் பற்றிப் பேசினோம். பை தைக்கிறவர், பொம்மை வார்க்கிறவர் பக்கம் வருவோம்.

1993 மே 10. தாய்லாந்தில் பாங்காக் நகருக்குப் பக்கத்தில் காடர் என்ற பொம்மைத் தொழிற்சாலை. டிஸ்னி, மேட்டல் முதலிய அமெரிக்க கம்பெனிகளுக்கு லைசென்ஸ் பொம்மைகள் செய்கிற இடம். துணியும் பஞ்சும் பிளாஸ்டிக்கும் குவிந்து கிடந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. பிளானில் வரைந்திருந்த அவசர வழிகளைக் கட்டவே இல்லை. இருந்த வெளிக்கதவுகளையும், பொம்மையைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பூட்டி வைத்திருந்தார்கள். மாடியிலிருந்து குதித்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது. 188 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த இளம் பெண்கள்.

பஞ்சுக்குள் வேலை செய்கிற உங்களுக்கு அது எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று தெரியும். அடுத்ததாகச் சொல்லப்போவது நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது.

2012 நவம்பர் 24. வங்காளதேசத்தில் டாக்கா அருகே தஸ்ரீன் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. தீயில் குறைந்தது 112 பேர் பலி. சாம்பலுக்கு நடுவே டிஸ்னி முத்திரை போட்ட துணிகள் கிடந்தன. நிருபர்கள் கேட்டார்கள். டிஸ்னி என்ன சொன்னது? கடந்த 12 மாதங்களாக எங்கள் லைசென்ஸ்காரர்கள் யாருக்கும் அந்தத் தொழிற்சாலையில் தைக்க உத்தரவு இல்லை என்று எங்கள் ரிக்கார்டு காட்டுகிறது என்றது.

ராயல்டி கணக்கில் ஒரு சட்டைகூட விட்டுப் போகாது. அதற்கு ஆடிட்டர் உண்டு, சரக்கில் ஒட்ட முத்திரை உண்டு. ஆனால் செத்தவர் எந்த ரிக்கார்டிலும் இல்லை! படத்துக்காரன் லைசென்ஸ்காரனைக் காட்டுவான், லைசென்ஸ்காரன் ஏஜெண்டைக் காட்டுவான், ஏஜெண்டு எக்ஸ்போர்ட் கம்பெனியைக் காட்டுவான், எக்ஸ்போர்ட்காரன் ஜாப் ஒர்க் எடுத்த காண்ட்ராக்டரைக் காட்டுவான். மில்லுக்குள் காண்ட்ராக்ட் ஆள் கை நசுங்கினால், "அவர் எங்கள் தொழிலாளி அல்ல" என்று மானேஜர் சொல்வது இதே பாடம்தான். 2013 இல் டிஸ்னி ஒரு முடிவெடுத்தது. தொழிற்சாலைகளைச் சீர்படுத்த அல்ல. வங்காளதேசம், பாகிஸ்தான் முதலிய நாடுகளில் தன் முத்திரைச் சரக்கு தயாரிப்பதையே 2014 மார்ச்சுக்குள் நிறுத்தும்படி உத்தரவு போட்டது. உயிரோடிருந்தவர்களுக்கு வேலையும் போயிற்று.

கூலி விஷயத்துக்கு ஒரே ஒரு கணக்கு. 2018 இல் சைனா லேபர் வாட்ச், சோலிடார் ஸ்விஸ் என்ற இரண்டு ஸ்தாபனங்கள் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையை விசாரித்து அறிக்கை வெளியிட்டன. டிஸ்னியின் கடற்கன்னிப் பொம்மை; பிரிட்டனில் கடையில் விலை ஏறக்குறைய 35 பவுன். அதைச் செய்த பெண்ணின் கைக்குப் பொம்மை ஒன்றுக்கு 1 பென்னி. 35 பவுன் என்றால் 3,500 பென்னி.

இங்கே ஒரு தோழர், "சந்தையில் விற்கிற பையில் முக்கால்வாசி டூப்ளிகேட் தானே, அதில் ராயல்டி ஏது?" என்று கேட்கிறார். சரியான கேள்வி. டூப்ளிகேட் பையில் அமெரிக்காவுக்குக் குத்தகை போகாது. ஆனால் அதைத் தைத்தவருக்கு அதனால் கூலி கூடியதா? விசாரித்துப் பார்த்தோம். படம் போட்ட பைக்கும் போடாத பைக்கும் தையல் கூலி ஒன்றுதான். அசலிலும் ஒன்றுதான், டூப்ளிகேட்டிலும் ஒன்றுதான்.

இன்றைக்கு வரைகிறவர்கள்

சீகலும் ஷஸ்டரும் கையால் வரைந்தார்கள். இன்று வீரர்கள் பறப்பதும் பட்டணங்கள் இடிவதும் கம்ப்யூட்டரில் உண்டாகின்றன. படத்தின் முடிவில் ஓடும் பெயர்களைப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் இருக்கும். அவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகள் ஏராளம். அவெஞ்சர்ஸ் படங்களுக்கு வேலை செய்த டி.என்.இ.ஜி. என்ற லண்டன் கம்பெனிக்குச் சென்னையிலும் ஸ்டூடியோ உண்டு. டெக்னிகலர் என்ற நூறு வருஷத்துக் கம்பெனி 2025 பிப்ரவரியில் திடீரென்று இழுத்து மூடியபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் என்று நாம் அவர்களைத் தூரத்தில் வைத்திருக்கிறோம். பக்கத்துக்கு 10 டாலர் வாங்கியவரின் வாரிசுகள் அவர்கள்.

அமெரிக்காவில் 2023 இல் நிலைமை கொதித்தது. மே 2 முதல் 148 நாள் சினிமா எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். ஜூலை 14 முதல் 118 நாள் நடிகர்கள் வேலைநிறுத்தம். படம் ஒரு தரம் ஓடி முடிந்த பிறகும், வீட்டுக்கு வீடு ஸ்ட்ரீமிங்கில் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதில் எங்கள் பங்கு எங்கே என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. குத்தகையில் பங்கு கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு சங்கங்களும் கூடுதல் வாங்கித்தான் திரும்பின.

அதே ஆகஸ்டில் மார்வெல் ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் வரைகலைத் தொழிலாளர்கள் 50க்கும் மேற்பட்டோர், 1893 இல் தோன்றிய பழைய மேடைத் தொழிலாளர் சங்கத்தில் சேர மனுக் கொடுத்தார்கள். செப்டம்பரில் ஓட்டெடுப்பு நடந்தது. எதிராக ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அந்தக் கம்பெனிக்காக அந்தத் தொழிலில் அதற்கு முன் சங்கமே கிடையாது. அடுத்த மாதமே டிஸ்னியின் இன்னொரு படப் பிரிவில் அதே வேலை செய்பவர்களும் அவ்வாறே ஓட்டுப் போட்டார்கள்.

இனி நம் வேலை. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தோழர்களும், அவர்கள் வீட்டுப் பெண்களும் அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரும்போது இரண்டு சாமான் கொண்டுவர வேண்டும். ஒன்று, அந்த வாரத்துப் பீஸ் ரேட் கூலிச் சீட்டு. மற்றது, படம் போட்ட சட்டை யாராவது தைத்திருந்தால் அதில் தொங்குகிற விலை அட்டை. பல அட்டைகளில் டாலரிலோ பவுனிலோ விலை அச்சிட்டிருக்கும். எடுக்க முடியாவிட்டால் விலையையாவது பார்த்துக் குறித்து வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுவோம். அதை வைத்துத்தான் புதுக் கூலி ஒப்பந்தத்துக்கான கோரிக்கை மனுவை எழுத வேண்டியிருக்கிறது.